செல்லம்மா அக்காவின் நாற்காலி வெடித்த கதை

"செல்லம்மாக்கா போயிட்டாங்கடி" என்று அம்மா வேலியோரம் நின்று சொன்னபோது நான் சிரித்தேன். முந்தின வாரம்தான் "புலி வந்துருச்சு" என்று கத்தி லயத்து வீடுகளில் இருந்த எல்லாரையும் ஓடவிட்டிருந்தேன். அம்மா பதிலுக்குப் பதில் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் கண்ணைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. செடெனாக் ரப்பர் தோட்டம் முழுவதற்கும் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் மருந்து கொடுத்த டிரசர் ஐயாவால் தம் மனைவியின் காய்ச்சலை இறக்க முடியவில்லை.

துரை பங்களாவில் கழித்துப்போட்ட மெத்தை நாற்காலியை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தது இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு நினைவிருக்கும். கிழிந்த தோலை உரித்து, தென்னை நாரும் இலவம்பஞ்சும் அடைத்து, பழைய திரைச்சீலையால் மேலுறை தைத்தார். நான் நூல் பிடித்தேன்; பிடித்ததைவிட ஓடியதுதான் அதிகம்.

"நாற்காலிக்கு நாலு காலு, ஒரு எடத்துல நிக்குது. ஒனக்கு ரெண்டே காலு, நிக்குதா பாரு!"

"அதுக்கு வாலு இல்லையேக்கா!"

தோட்டக் கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணி ஐயா வாக்குக் கொடுத்திருந்தார்: "இது நல்லா வந்தா ஆபீஸ்ல கெடக்கிற ஆறு நாற்காலியையும் நீயே தைம்மா." அக்கா ஊசியை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "இங்க எனக்கு டிரசர் பொண்டாட்டினுதான் பேரு. அந்த ஆறும் வந்துட்டா, என் கைக்கும் ஒரு பேரு கெடைக்கும்டி."

அதைக் கேட்டும் என் கை சும்மா இருக்கவில்லை. அவர் அடுப்பைப் பார்க்கப் போனதும், முற்றிய ரப்பர் காய்கள் நான்கை நாருக்குள் செருகிவிட்டேன். வெயில் ஏறினால் அவை எப்படி வெடிக்கும் என்று தோட்டத்தில் பிறந்த நமக்குத் தெரியாதா?

பத்து நாள் வாசல் வெயிலில் நின்ற நாற்காலியில் கிராணி ஐயா வந்து உட்கார்ந்தார். டப்! வேட்டியைப் பிடித்துக்கொண்டு துள்ளி எழுந்தார். மறுபடியும் டப்!

"அலமாக்! நாற்காலியாம்மா இது, வேட்டா?"

கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் நான்.

அன்று மாலை அக்கா தையலைப் பிரித்தார். காய் ஓடுகளை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "ரப்பர் மரத்தடியில நாரக் காயப்போட்டேன் பாரு, கூடவே காயும் வந்துருக்கு. எல்லாம் என் புத்தி!" பக்கத்தில் நூலைப் பிடித்துக்கொண்டு நான் அசையாமல் நின்றேன். என் இரண்டு காலும் ஒரே இடத்தில் நின்றது அன்றுதான்.

அந்த ஆறு நாற்காலிகளும் கூலாய் டவுனில் இருக்கும் சீனத் தச்சரிடம் போயின. அக்காவுக்குப் பெயர் கிடைத்தது: வெடி நாற்காலி செல்லம்மா. அதைச் சூட்டியவளும் நான்தான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஓர் ஆண்டை ஓட்டிவிட்டேன்.

அவருடைய வளைந்த ஊசியை டிரசர் ஐயா எனக்குக் கொடுத்தார். அதை வைத்துக்கொள்கிறேன். "என் புத்தி" என்று அக்கா தம் தலையில் போட்டுக்கொண்ட பழியையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அது என்னுடையது. கிராணி ஐயா, அந்த நாற்காலி இன்னும் அவர் வாசலில்தான் இருக்கிறது. பிரித்ததை அக்கா மறுபடி தைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். ஒருமுறை வந்து உட்கார்ந்து பாருங்கள்.