மாமாவுக்கு நான் போட்ட கையெழுத்து

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது நான் ஒரு பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தேன். சிரிக்காதீர்கள். எண்ணூரில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் தயாராகி, ஜெராக்ஸ் கடையில் நகலெடுத்து, நடுவில் இரண்டு பின் அடித்து வெளிவந்த பன்னிரண்டு பக்கப் பத்திரிகை அது. பெயர் ‘அடுத்த லெவல்’. வீடியோ கேம்களைப் பற்றி மட்டும்தான் எழுதுவோம். எந்த இடத்தில் எப்படித் தாண்டுவது, எந்த வண்டி வளைவில் கவிழாது, எந்தக் கேம் சுத்த வேஸ்ட் என்று எங்களுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. இத்தனைக்கும் ஆசிரியரான நான் கேம் சென்டரின் வாசற்படியை மிதித்ததில்லை. அது திருவொற்றியூரில் இருந்தது. அந்தப் பக்கம் போனால் காலை ஒடித்துவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். பையன்கள் வந்து சொல்வதும் அப்பாவின் செல்போனில் நான் ஆடிப் பார்ப்பதும்தான் என் ஞானம் முழுவதும்.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் கம்ப்யூட்டர் டீச்சர். நல்ல மனுஷிதான், ஆனால் சட்டம் பேச ஆரம்பித்தால் ஆளை விடமாட்டார். கேம் கம்பெனிகளின் படங்களை இணையத்திலிருந்து எடுத்துப் போடக்கூடாது, அது அவர்கள் சொத்து, வேண்டுமானால் நீங்களே வரையுங்கள் என்றார். வரைந்தோம். எங்கள் ஓவியன் போட்ட ரேஸ் கார், மீன் ஏற்றிப் போகிற குட்டியானை வண்டி மாதிரி வந்தது. பெரியவர்களுக்கு மட்டும் என்று போட்டிருக்கும் கேம்களைப் பற்றி ஒரு வரி வரக்கூடாது என்றார். பையன்கள் கொதித்துப்போனார்கள்.

“நாங்கதான் டெய்லி ஆடிகினு கீறோமே டீச்சர்?” என்றான் ஒருவன்.

“ஆடறது உங்க வூட்டுப் பிரச்சினை. எழுதறது என் பிரச்சினை” என்றார் டீச்சர். அந்தக் கட்டுரை குப்பைத்தொட்டிக்குப் போயிற்று.

கேம் சென்டர்காரர், எங்கள் கடைதான் வடசென்னையிலேயே பெஸ்ட் என்று எழுதுங்கள், தலைக்கு ஒரு மணி நேரம் ஃப்ரீ என்று சொல்லி அனுப்பினார். பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு ஓடிவந்தார்கள். எழுதலாம், ஆனால் மேலே ‘விளம்பரம்’ என்று கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்றார் டீச்சர். கடைக்காரருக்கு ஆசை விட்டுப்போயிற்று, எங்களுக்கு ஃப்ரீயும் போயிற்று.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை சம்மதச் சீட்டு. பத்திரிகையில் யார் பெயரோ படமோ வந்தாலும், அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்று ஃபைலில் இருக்க வேண்டும். பிள்ளைகள் என்றால் பெற்றவர்கள் கையெழுத்து. கேமில் அதிக மார்க் எடுத்த பத்துப் பேர் பட்டியல் போடுவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிடும். கடலுக்குப் போன அப்பன்மார் திரும்பும் வரை எங்கள் நெட்டுக்குப்பத்துக் கரையில் சீட்டும் பேனாவுமாக நின்றிருக்கிறேன். ஈரக் கையோடு அவர்கள் போட்ட கையெழுத்தில் மை பரவி, எது யாருடையது என்று எனக்கே தெரியாது.

ஐந்தாவது இதழுக்கான பட்டியல் வந்தபோது நான் துள்ளிக் குதித்தேன். கேம் சென்டர்காரர் எப்போதும் தன் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, பெயர், மார்க், நாள், நேரம் எல்லாவற்றையும் எழுதி அனுப்புவார். அந்த முறை கார் ரேஸில் முதல் பெயர் என் தாய்மாமனுடையது! இரண்டாவதாக வந்தவன் பக்கத்தில்கூட வர முடியாத மார்க். என் மாமா, நெட்டுக்குப்பத்திலிருந்து கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள். துறைமுகத்துப் பக்கம் நிலக்கரி யார்டில் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை, காலை ஆறு மணி ஷிப்ட். அந்த அட்டையைப் பார்த்துத்தான் அத்தையின் அப்பா பெண் கொடுத்தார் என்று ஊரே சொல்லும். வலை இழுத்த குடும்பத்தில் கம்பெனிக்காரராகி, இப்போது கேமிலும் முதல் இடம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அரைப் பக்கம் ஒதுக்கினேன். கல்யாண ஆல்பத்திலிருந்து அவர் படத்தை எடுத்துக்கொண்டேன். ‘நம் ஆசிரியரின் தாய்மாமன்’ என்று தலைப்பும் கொடுத்தேன். தகவல் துல்லியமாக இருக்க வேண்டும் என்பது டீச்சரின் இன்னொரு விதி. எனவே திங்கட்கிழமை காலை பதினொன்று நாற்பது என்று நாளையும் நேரத்தையும் ஒன்றுவிடாமல் போட்டேன். திங்கட்கிழமை பதினொன்று நாற்பதுக்கு ஷிப்டில் இருக்க வேண்டிய மனிதர் அங்கே என்ன செய்தார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாய்ப்பாடு எழுதுவது போல எழுதிக்கொண்டே போனேன். சம்மதச் சீட்டு மட்டும் பாக்கி இருந்தது. நம்ம மாமாவிடம் என்ன சம்மதம் கேட்பது? காது குத்துவதிலிருந்து கல்யாணச் சீர் வரை கேட்காமலே செய்கிற உறவு அது. பேனாவை எடுத்து அவர் பெயரை நானே கிறுக்கி ஃபைலில் வைத்தேன்.

பத்திரிகை வந்த அன்று சாயங்காலம் புத்தகப் பையைக்கூட இறக்காமல் நேராக மாமா வீட்டுக்கு ஓடினேன். அத்தை வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எட்டாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டாமல் படிப்பாள். கையைத் துடைத்துக்கொண்டு அந்த அரைப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு மறுபடியும் படித்தாள்.

“போட்டோ சோக்கா வந்துகீது” என்றாள். பத்திரிகையை மடித்து டிவி மேல் வைத்துவிட்டு மீனுக்குத் திரும்பிவிட்டாள். இவ்வளவுதானா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மறுநாள் மாமா என்னைப் பள்ளிக்கூட வாசலிலேயே பிடித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“இன்னா பாப்பா இப்டி பண்ணிட்டே? வேல போயி ரெண்டு மாசமாவுது. உங்க அத்தைக்கு இன்னும் சொல்லல.”

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. காண்ட்ராக்ட் முடிந்து எல்லோரையும் அனுப்பிவிட்டார்களாம். தினமும் வழக்கம் போல அட்டையை மாட்டிக்கொண்டு விடிகாலையில் கிளம்பி, காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றிவிட்டு, ஷிப்ட் முடிகிற நேரம் வரை கேம் சென்டரில் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். அத்தை பத்திரிகையைப் படித்துவிட்டாள், ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் பேஜாராக இருக்கிறது என்றார். நாள் தப்பாக அச்சாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை என்று படிக்கவும் என்று நான் ஒரு திருத்தம் போட்டால் போதும், அவர் மானம் தப்பிக்குமாம்.

“ஒரு லைன் போடு பாப்பா. எனக்காவ.”

என் மாமா என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் கெத்தாகவும் இருந்தது. ஒரு வரியில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றப் போகிற ஆசிரியர் அல்லவா நான்! அன்றே திருத்தத்தை எழுதி டீச்சரிடம் நீட்டினேன்.

“ஆதாரம்?” என்றார் டீச்சர்.

அவர் ஃபைலைத் திறந்து கடைக்காரர் அனுப்பிய தாளை எடுத்தார், அடுத்து மாமாவின் சீட்டை எடுத்தார். அந்தக் கையெழுத்தையும் என் திருத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார். அவ்வளவுதான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. விற்காத பிரதிகளை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினார். உங்கள் மாமா வந்து முடிவு சொல்லும் வரை ‘அடுத்த லெவல்’ கிடையாது என்றார். மாமா சொன்னால் அத்தனையையும் கிழித்துப் போடுவாராம், கேட்காமல் போட்டதற்கு மன்னிப்பும் அச்சடிப்பாராம். “ஆனா பொய்யைத் திருத்தம்னு போட மாட்டேன். அது அவருக்கும் நல்லதில்ல, உனக்கும் நல்லதில்ல” என்றார். ஒரே நாளில் பத்திரிகையும் போயிற்று, மாமாவும் போனார் என்று கழிவறைக்குப் பின்னால் நின்று அழுது தீர்த்தேன்.

டீச்சர் சொல்லி அனுப்பியதால் மறுநாள் மாமா வந்தார். கூடவே அத்தையும் வந்தாள். டீச்சர் கூப்பிட்டால் ரெண்டு பேரும் சேர்ந்துதான் போகணும் என்று அவளே கிளம்பிவிட்டாளாம். கம்ப்யூட்டர் அறையில் டீச்சர் புதிதாக ஒரு சீட்டை எடுத்து மாமா முன்னால் வைத்தார். என்னைப் பற்றி வந்ததைப் படித்தேன், இதில் உள்ளது உண்மை, வெளியிடச் சம்மதம் என்று மூன்று வரிகள். விருப்பமில்லை என்றால் கையெழுத்துப் போட வேண்டாம், பிரதிகளை அழித்துவிடலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டோம் என்று டீச்சர் மரியாதையாகச் சொன்னார்.

மாமா சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுந்து போய்விடலாம். அவர் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“டைமு கரீட்டுதான் டீச்சர். பாப்பா தப்பா எழுதல.” பிறகு அத்தைப் பக்கம் திரும்பி, “வேல பூட்ச்சி. ரெண்டு மாசமாவுது. உங்கிட்ட சொல்ல வாயே வரல” என்றார்.

அத்தை வாயில் அடித்துக்கொள்ளவில்லை, ஐயோ என்று கத்தவுமில்லை. “சரி, மொதல்ல கையெழுத்தப் போடுய்யா. பசங்க காத்துகினு கீதுங்க” என்றாள். அவள் கண் மட்டும் கலங்கியிருந்தது.

மாமா போட்டார். பள்ளிக்கூட ஃபைலிலேயே மை பரவாத கையெழுத்து அதுதான். அடுத்த இதழில், கேட்காமல் ஒருவர் பெயரையும் படத்தையும் போட்டோம், தவறு எங்களுடையது என்று மன்னிப்பு எழுதினேன். அந்த மன்னிப்பை அச்சடிப்பதற்கும் மாமாவிடம் போய்ச் சம்மதம் வாங்கினேன். ரொம்ப சிரித்தார். அட்டை இல்லாமலே பட்டப்பகலில் ஐஸ் வேலைக்குப் போக ஆரம்பித்தார். பிறகு துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு எழுதிப் போட்டார். முதல் தடவை தேறவில்லை, அடுத்த தடவை தேறினார். இன்றைக்கும் அந்த வேலைதான். கார் ரேஸ் ஆடிய கைதான் கிரேனில் நிற்கிறது என்பார் மாமா. அத்தை அதை ஒத்துக்கொள்வதே இல்லை.

மாமா கையெழுத்துப் போட்ட அன்று பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து திரும்பும்போது மாமா முன்னால் போய்விட, நானும் அத்தையும் பின்தங்கினோம். உனக்கு அதிர்ச்சியாக இல்லையா அத்தை என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அந்தச் சட்டையத் தோய்க்கிறவ நானு. காலர்ல பொட்டு கரி இல்ல, மீன் நாத்தம் கொடலப் புடுங்குது. கரி யார்டுல இன்னா வஞ்சிரமா வந்து எறங்குது?”

“அப்போ ஏன் கேக்கல?”

“அவரு வாயால சொல்லட்டும்னு இருந்தேன்.”

எனக்கு அது புரியவே இல்லை. இரண்டு மாதமாகத் தெரிந்துகொண்டே விடிகாலையில் எழுந்து ஷிப்டுக்குச் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறாள், இல்லாத கரியைத் தேய்த்துத் தேய்த்துச் சட்டை துவைத்து ஊர் பார்க்க வாசலில் காயப்போட்டிருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரியிடம்கூட மூச்சு விடவில்லை. ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் அதைக் கொட்டை எழுத்தில் போடாமல் எப்படி ஒருத்தியால் இருக்க முடியும்? அத்தைக்கு மாமாவிடம் பயம் போலிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு, பத்திரிகை பிழைத்த சந்தோஷத்தில் வீடு வரை குதித்துக்கொண்டே போனேன்.