மோட்டாருக்கு ஒரு பொட்டு

போன வாரம் ஆயுத பூஜை. டெல்லி துவாரகாவில் எங்கள் சொசைட்டியில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் அதிகம். அன்றைக்கு எதுவும் பொட்டிலிருந்து தப்பாது. மாருதி, ஸ்கூட்டர், மிக்ஸி, கம்ப்யூட்டர்... எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்குக்கூட என் மனைவி சந்தனம் தடவிவிட்டாள்.

எல்லாம் முடிந்து சுண்டல் சாப்பிடும்போதுதான் வைத்தியநாதன் சாருக்கு ஞானம் பிறந்தது. சார், மத்திய சர்க்காரில் பெரிய பதவியிலிருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது எங்கள் சொசைட்டி செக்ரட்டரி.

“வருஷம் பூரா நமக்குத் தண்ணி ஏத்தற மோட்டாரை மறந்துட்டோமே!”

மறந்ததில் என்ன ஆச்சரியம்? அது சப்மெர்சிபிள் மோட்டார். தரைக்குக் கீழே இருக்கும் தொட்டியில், தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கிறது. யார் கண்ணில் படும்?

“ஸ்விட்ச் போர்டுக்கு வெச்சா போதாதா சார்?” என்றேன்.

“ஆபீசருக்குப் போட வேண்டிய மாலையை அவர் ரூம் கதவுக்குப் போடுவேளா?”

சுண்டல் தட்டைக் கீழே வைத்தேன். மெயினை அணைத்துவிட்டு நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். தூக்குவதற்கென்றே மோட்டாரில் நைலான் கயிறு கட்டியிருந்தது. பாசி பிடித்து வழுக்கியது. பக்கத்திலேயே மோட்டாருக்குக் கரண்ட் போகும் கறுப்பு கேபிள் — பிடிக்க எவ்வளவு வாகாக இருந்தது! அதைப் பிடித்தே இழுத்தோம். பொட்டு, சாமந்தி மாலை, கற்பூரம். பிறகு அதே கேபிளைப் பிடித்து இறக்கினோம்.

மறுநாள் விஜயதசமி. காலையில் மோட்டாரைப் போட்டால் ட்ரிப் ஸ்விட்ச் டக்கென்று விழுகிறது. தூக்கி விட்டால் மறுபடி டக். கரண்ட் எங்கேயாவது கசிந்தால் சப்ளையை நிறுத்துவதற்காகவே மாட்டி வைத்த ஸ்விட்ச் அது.

“ஸ்விட்ச் கெட்டுப் போயிடுத்து,” என்று தீர்ப்பு சொன்னார் சார்.

எலெக்ட்ரீஷியன் ராகேஷ், குடும்பத்தோடு ராவணனை எரிக்கக் கிளம்பிவிட்டான். போன் செய்தால், “கல் ஆவூங்கா சாப்” என்கிறான்; நாளைக்குத்தான் வருவானாம். கடைகள் மூடல். மாடித் தொட்டி காலி. வீடு நிறைய விருந்தாளிகள்.

சார் மெயினை அணைத்து, ட்ரிப் ஸ்விட்சைக் கழற்றிப் போட்டு, ஒயரை டைரக்டாகக் கொடுத்தார். மெயினைப் போட்டதும் மோட்டார் ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அதே ஜோரில் தொட்டி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். நேற்றைய மாலை கழன்று மிதந்துகொண்டிருந்தது.

“ஐயய்ய, குடிக்கற தண்ணியில அழுகிடுமே!” மண்டியிட்டுக் குனிந்து கையை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து, கீழ் வீட்டு அடுக்களையிலிருந்து அவர் மனைவி கமலா மாமியின் அலறல்.

“ஐயோ... குழாயைத் தொட்டா ஷாக் அடிக்கறது!”

 மோட்டார் தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. சாரின் விரல் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது. பாய்ந்துபோய் மெயினை அணைத்தேன்.

“யாருய்யா நிறுத்தினது? தண்ணி ஏறிண்டிருக்கு!” என்று கத்தினார் சார். அவர் கையில் சொட்டச் சொட்ட மாலை.

அடுத்த நாள் ராகேஷ் வந்து, கயிற்றைப் பிடித்து மோட்டாரை ஏற்றினான். கேபிள் ஜாயின்ட் பிய்ந்து செம்புக் கம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. “கேபிள் பகட் கே கீஞ்சா க்யா?” — கேபிளைப் பிடித்தா இழுத்தீர்கள் என்று கேட்டான். கேபிளைப் பிடித்து இழுத்த நாலு பேரும் வானத்தைப் பார்த்தோம். புது ஜாயின்ட் போட்டு, எர்த்தைச் சரிசெய்து, ட்ரிப் ஸ்விட்சை மறுபடி மாட்டினான். அது கெட்டே போகவில்லையாம்.

வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆசாமி அந்த ஸ்விட்ச். அதைத்தான் நாங்கள் முதலில் கழற்றிப் போட்டோம். ஆபீசுகளில் நடப்பதுதானே?

சார் மட்டும் அசரவில்லை. “பாத்தேளா... அன்னிக்குப் பண்ணின பூஜைதான் என்னைக் காப்பாத்தித்து!”

மாமி அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

“அதைப் பண்ணாம இருந்திருந்தா உங்களைக் காப்பாத்தவே வேண்டியிருந்திருக்காதே!”

நானும் அதையேதான் நினைத்தேன் — ஆனால் எங்கள் பிளாக்குக்குத் தண்ணீர் திறந்துவிடுவது சார்.