கமலாசனி ரீச்சரும் எங்கள் பிள்ளைகள் செய்த சொல் அட்டைகளும்

சந்தைக்குப் போய்த் திரும்பிய பக்கத்து வளவுக்காரர் வாசல் படலையடியில் சைக்கிளை நிறுத்தினார். "உங்கட கமலாசனி ரீச்சர் மோசம் போட்டாவாம். காய்ச்சலாம்." சாவுச் செய்தியைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ரீச்சரிடம் நான் கேட்ட கேள்வி ஒன்று பாக்கியிருந்தது. பதில் சொல்லாமலே போய்விட்டார்.

அக்கராயனில் ஒரு சிறிய பாடசாலையில் நாங்கள் இருவரும் நாலாம் வகுப்புக்குப் படிப்பித்தோம். அவர் கணக்கு, நான் தமிழ். லண்டனிலிருந்த தம்பி அவருக்கு ஒரு சின்னக் கணினி அனுப்பியிருந்தார். அதைத் தொலைக்காட்சிப் பெட்டியில் பொருத்தி, ஊரில் மின்சாரம் இல்லாததால் உழவு இயந்திரத்தின் பற்றறியில் ஓட்ட வேண்டும். வேறு யாரென்றாலும் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். அவர் வகுப்புக்குக் கொண்டுவந்தார்.

திரையில் ஆங்கிலச் சொல் வரும், விசையைத் தட்டினால் தமிழ்ச் சொல் வரும். அப்படி அட்டைகள் செய்யத்தான் பிள்ளைகளுக்குப் பழக்கினார். முதலில் கணினியைத் தொடவே விடவில்லை. கணினிக்குக் கொடுக்கும் கட்டளைகள் போலப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு இலக்கமும் ஒரு வேலையும் கொடுத்தார். ஒருத்தி ஆங்கிலச் சொல்லைக் காட்டுவாள். அடுத்தவன் யாராவது கைதட்டும்வரை காத்திருப்பான். அதற்கடுத்தவள் தமிழைக் காட்டுவாள். கடைசி ஆள் மறுபடி முதலாமவளிடம் அனுப்புவான். "உன்ர இலக்கம் வரேக்கை மட்டும் செய். கணினிக்குச் சொன்னதுதான் தெரியும், நினைச்சது தெரியாது" என்பார். பிள்ளைகள் சிரித்துச் சிரித்தே படித்துவிட்டார்கள்.

அந்தக் கணினிக்குத் தமிழ் தெரியாது. எழுத்துகளைக் கட்டம்போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்து நாங்களே கொடுக்க வேண்டும். கொஞ்ச எழுத்துகளைத்தான் அது ஏற்கும். கா, மா, பா என்று ஒவ்வொன்றாக வரைந்ததில் இடம் முடிந்துவிட்டது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை முத்துமாரி எழுந்தாள். "அந்தத் துணைக்காலை மட்டும் தனியா வரஞ்சுக்கலாமே டீச்சர். எல்லாத்துக்கும் பக்கத்துல வச்சுக்கலாம்." ரீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டார். "எனக்கு இது மூளையில ஓடேல்லையடி, ராசாத்தி." ஒவ்வொரு அட்டையின் முடிவிலும் செய்த பிள்ளையின் பெயர் வரவேண்டும் என்று சட்டம் போட்டவரும் அவர்தான்.

பிறகு கிளிநொச்சியில் கல்விக் கண்காட்சி வந்தது. பிள்ளைகள் தோய்த்த வெள்ளை உடுப்போடு போய் நின்றார்கள். அதிகாரிகளுக்கு முன்னால் முத்துமாரியின் அட்டை ஓடியது. முடிவில் கமலாசனி என்ற பெயர் வந்தது. அடுத்த அட்டையிலும் அதே பெயர். எல்லாவற்றிலும் அதே பெயர். துணைக்காலைத் தனியாக வரையும் வழியைத் தாமே கண்டுபிடித்ததாகவும் ரீச்சர் விளக்கினார்.

"எம் பேரு எங்க டீச்சர்?"

"பிறகு போடுவம், பிள்ளை."

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏனக்கா இப்பிடிச் செய்தனீங்கள்?"

"சின்னப் பிள்ளையள் செய்ததெண்டால் விளையாட்டெண்டு விட்டிடுவினம். என்ர பேர் இருந்தால்தான் மதிப்பினம். உமக்கு உது விளங்காது."

"பிள்ளையளின்ர பேரை எப்ப போடுவியள்?"

அவர் மடியிலிருந்த கணினியைத் துணியால் சுற்றத் தொடங்கினார்.

அந்தக் கண்காட்சியால் அவருக்குப் பட்டணத்தில் ஆசிரியர்களைப் பயிற்றும் பதவி கிடைத்தது. கணினியும் அவரோடு போனது. பிள்ளைகள் சில நாட்கள் தாங்களாகவே வரிசையில் நின்று, இலக்கம் சொல்லி விளையாடினார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதை நான் அந்த வகுப்பறையில் கண்டேன்.

செத்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே கதை. தனியொருத்தியாக நின்று கணினிக்குத் தமிழ் படிப்பித்தவர் என்றார்கள். தாயோடு வந்திருந்த முத்துமாரி பந்தலடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஆண்கள் பிரேதத்தைச் சுடலைக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் நாங்கள் படலையோடு நின்றுவிட்டோம். அப்போதுதான் அவள் என்னிடம் வந்தாள்.

"இனி யாரு டீச்சர் சொல்லுவா, நாங்க செஞ்சதுன்னு?"

இத்தனை காலமும் அந்தப் பிள்ளை காத்திருந்திருக்கிறது.

அக்கா, உங்களைப் போலப் படிப்பித்த ஒருவரை நான் இன்னும் காணவில்லை. அதனால்தான் இன்றைக்கும் மனம் ஆறவில்லை. அந்த அட்டைகளைச் செய்தது முத்துமாரியும் அவளோடு படித்த பிள்ளைகளும். உங்கள் வாயால் வந்திருக்க வேண்டிய சொல் இது. போய் வாருங்கள்.