மிரட்டி வளர்த்த ரம்புட்டான்

எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஆண், கிணற்றடியில் நின்ற ரம்புட்டான் மரம். அது ஆண் என்பது மிகவும் பிந்தித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அதுவரை அக்காவும் நானும் அதை 'அவள்' என்றே சொல்லிவந்தோம். அவளுக்கு இன்னும் வயது வரவில்லை, அவளுக்குச் சத்துக் காணாது, அவளுக்கு நாவூறு பட்டுவிட்டது என்றெல்லாம் கவலைப்பட்டோம். அவன் தன் பாட்டுக்கு எங்கள் உரத்தையெல்லாம் தின்றுகொண்டு கூரைக்கு மேலே வளர்ந்தான்.

வீடு வெள்ளவத்தையில், காலி வீதியின் கடல் இல்லாத பக்கத்தில் இருக்கிறது. கடல் பக்கத்தில் இருப்பவர்கள் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி கறள் பிடிக்கிறது என்று சலித்துக்கொள்வது போலப் பெருமையடிப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது கால்வாய் நுளம்பின் கடி. ஒழுங்கையில் இருந்த மற்ற வீடுகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தொடர்மாடிகள் ஆகிவிட்டன. இரண்டு தொடர்மாடிகளுக்கு நடுவே எங்கள் ஓட்டு வீடு, பஸ் சீட்டில் இரண்டு தடித்த ஆட்களுக்கு இடையில் மாட்டிக்கொண்ட சின்னப்பிள்ளை மாதிரி நின்றது.

அக்கா கணித ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். இருவருக்கும் கலியாணம் ஆகவில்லை. கலியாணம் ஆகாத இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் இருந்தால் யாராவது ஒருத்தி அம்மாவாக வேண்டியிருக்கிறது. அக்கா முந்திக்கொண்டார். எனக்குத் தலை நரைத்த பிறகும் மழைக்காலத்தில் குடை எடுத்தாயா என்று கேட்கிற உரிமை அவரிடம்தான் இருந்தது.

மரத்தின் கதை பொரளைச் சந்தியில் தொடங்கியது. அங்கே வாங்கிய ரம்புட்டான் கட்டொன்றில் ஒரு பழம் அபாரமாக இனித்தது. அக்கா அதன் கொட்டையைக் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, காலியான தயிர்ச்சட்டியில் ஊன்றினார். நேசரியில் ஒட்டுக்கன்று விற்கிறார்களே, வாங்கலாமே என்று நான் கேட்டேன்.

"கொட்டை சும்மா கிடக்கேக்க ஒட்டுக்கன்றுக்கு ஏன் சல்லி?" என்றார் அக்கா.

கணக்குப் படிப்பித்தவரின் கணக்கு அது. கொட்டையில் முளைக்கும் ரம்புட்டானில் ஆணும் வரும், பெண்ணும் வரும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பப்பாசியில் அப்படி உண்டென்று தெரிந்திருந்தது. ரம்புட்டான் இப்படிப்பட்டது என்று யாரும் சொல்லவில்லை.

காய்க்க வேண்டிய வயது வந்தும் காய்க்கவில்லை என்றதும் வைத்தியம் தொடங்கியது. நாவூறுக்குப் பழைய செருப்பு ஒன்றைக் கிளையில் தொங்கவிட்டோம். அது என்னுடைய செருப்பு, அவ்வளவு பழசும் இல்லை. அடிமரத்தில் ஆணி அடித்தோம். தேங்காய்த் தும்பு போட்டுப் புகை மூட்டினோம். புகை நேராக மேலே போய்ப் பக்கத்துத் தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைச் சேட்டுகளில் குடியேறியது. அந்த ஐந்தாம் மாடிக்காரர் பல்கனியில் வந்து நின்று சிங்களத்தில் எங்களைத் திட்டினார். அக்கா அதைவிட நல்ல சிங்களத்தில் பதில் சொன்னார். அன்றுமுதல் அவர் எங்கள் முற்றத்தில் நடப்பதைத் தொலைக்காட்சி நாடகம் போல ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினார்.

கடைசி வைத்தியம், மரத்தை மிரட்டுவது. காய்க்காத மரத்துக்கு முன்னால் ஒருவர் கத்தியோடு போய் வெட்டப்போகிறேன் என்று சொல்ல வேண்டும். மற்றவர் குறுக்கே வந்து, வேண்டாம், வருகிற வருடம் காய்க்கும் என்று மன்றாட வேண்டும். மரம் பயந்துபோய்க் காய்க்குமாம். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று அக்கா என்னிடம் கேட்கவில்லை. தைப்பொங்கலுக்கு மறுநாள் காலை தேங்காய் உடைக்கும் கத்தியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"உன்னை வெட்டப்போறன்," என்றேன் மரத்தைப் பார்த்து.

"குரல் காணாது. மரத்துக்குக் கேக்கவேணும்," என்றார் அக்கா, வகுப்பின் கடைசி வாங்கில் இருப்பவளிடம் சொல்வது போல.

எனக்கும் கோபம் வந்தது. அந்தக் கிழமைதான் குசினிக் கூரை ஒழுகி அரிசி வாளிக்குள் தண்ணீர் போயிருந்தது. மனத்தில் இருந்த எல்லாவற்றையும் மரத்தின் தலையில் கொட்டினேன். இத்தனை வருஷமாகத் தின்றுவிட்டு நிற்கிறாய், உன்னால் ஒரு பிரயோசனம் இல்லை, நீயும் உன்ர ஓட்டை வீடும், இண்டைக்கு உனக்கு முடிவு என்று கத்தினேன். மரத்துக்கும் ஓட்டை வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஐந்தாம் மாடிக்காரர் யோசித்திருப்பார்.

அக்கா கையை விரித்து மரத்துக்கு முன்னால் வந்து நின்றார். "பாவம், விடு. நிண்ட இடத்திலையே நிண்டு பழகிப்போச்சு. அதுக்குப் போக வேற இடமும் இல்லை. வாற வருஷம் காய்க்கும்."

நாடகத்தில் இருந்தது கடைசி வரி மட்டும்தான். மற்றதெல்லாம் அவர் சொந்தமாகச் சேர்த்தது. எனக்கு அது விளங்கியது. விளங்காதது போலக் கத்தியைக் கழுவி வைத்தேன்.

ஏனென்றால் அப்போது வீட்டைக் கேட்டு ஒரு கட்டடக் கொம்பனிப் பொடியன் வந்து போய்க்கொண்டிருந்தான். வாய் நிறைய "அன்ரி, அன்ரி" என்பான். வீட்டை இடித்துவிட்டு எட்டு மாடி கட்டுவார்களாம், அதில் எங்களுக்கு மேல்மாடியில் ஒரு நல்ல பிளட் தருவார்களாம், லிப்ட் உண்டாம், பல்கனியில் நின்றால் கடல் தெரியுமாம். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தும், வீட்டில் இருந்தபடி ஒருநாள்கூடக் கடலைப் பார்த்ததில்லை. பின்கதவுப் படி ஐந்தையும் இறங்கிக் குளியலறைக்குப் போகாமல் கட்டிலுக்குப் பக்கத்திலேயே குளியலறை உள்ள வீட்டில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டுச் சாக வேண்டும் என்று விரும்பினேன். அக்கா கையெழுத்து வைக்க மாட்டேன் என்றார். காரணம் கேட்டால் உரம் வாங்க வேண்டும் என்பார்.

பொங்கலுக்கு மறுநாள் மிரட்டல் நாடகம் வருடாவருடம் தொடர்ந்தது, மரம் காய்க்கவில்லை. சண்டை பெருத்து ஒருநாள் பந்தயமானது. வருகிற பூவுக்கும் மரம் காய்க்காவிட்டால் அக்கா கையெழுத்து வைப்பார். காய்த்தால் நான் இனிமேல் பிளட் கதையே எடுக்கக்கூடாது. நான் உடனே சம்மதித்தேன். அந்த மரத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

மாசி முடியும்போது மரம் பூத்துத் தள்ளியது. கிளைக்குக் கிளை வெண்பச்சைக் கொத்து, தேனீ, வாசம். அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி முற்றத்தில் திரிந்தார். கொம்பனிப் பொடியனின் அழைப்பு வந்தபோது நான் போனை எடுக்கவில்லை. பிறகு ஒரு கிழமைக்குள் பூ முழுவதும் கொட்டி, நிலம் பாய் விரித்தது போலக் கிடந்தது. ஒரு பிஞ்சுகூட இல்லை.

வென்ற சந்தோஷத்தில் காரணம் தேடி இரவு முழுக்கப் போனை நோண்டினேன். ஒரு வீடியோவில் ரம்புட்டானின் ஆண் பூவையும் பெண் பூவையும் கிட்டத்தில் காட்டினார்கள். காலையில் கிணற்றடியில் பொறுக்கிய பூவைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

"அக்கா, உங்கட மரம் ஆம்பிளை. சாகுமட்டும் காய்க்காது," என்றேன். கொஞ்சம் ஆடிக்காட்டியும் இருப்பேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அக்கா இடியப்பத்தைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஆம்பிளை எண்டால் பந்தயம் செல்லாது. நடக்க ஏலாத விஷயத்தில பந்தயம் பிடிக்கிறது பந்தயமே இல்லை. ஒட்டு வைப்பம். வைச்சும் காய்க்காட்டி நான் கையெழுத்து வைக்கிறன்."

நான் கத்தினேன். அவர் அசையவில்லை. அவருடைய வகுப்பில் இருந்த பிள்ளைகளை நினைத்து எனக்கு முதல்முறையாகப் பரிதாபம் வந்தது.

வளர்ந்த மரத்துக்கு ஒட்டு வைப்பதென்றால் முதலில் அதை வெட்ட வேண்டும். நெஞ்சளவு உயரத்தில் அறுத்துவிட்டால் அடிமரத்தில் புதுக் குருத்துகள் வெடிக்கும். அந்தக் குருத்துகளில்தான் நல்ல மரத்தின் மொட்டை ஒட்ட வேண்டும். வருடாவருடம் வெட்டாதே என்று மன்றாடியவர், தானே சோக்கட்டியால் மரத்தில் கோடு போட்டுக் கொடுத்தார். மரம் அறுக்க வந்தவரின் வாள் ஓடத் தொடங்கியதும் உள்ளே போய் வானொலியைச் சத்தமாக வைத்தார். அன்றைக்குப் பல வருடத்துக்குப் பிறகு வெயில் குசினிக்குள் வந்தது.

குருத்து பென்சில் தடிப்புக்கு வந்ததும் வத்தளைக்குப் போனோம். அக்காவோடு படிப்பித்த ஒரு ரீச்சர் வீட்டில் தேன் மாதிரி ரம்புட்டான் காய்க்கும். அவர் வெட்டித் தந்த குச்சிகளை ஈரத் துவாயில் சுற்றி, துவாயை மடியில் வைத்துக்கொண்டு நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் வந்தோம். அக்கா அடிக்கடி துவாயைத் திறந்து பார்த்து மூடினார். முன்சீட்டில் இருந்த பெண், பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்டாள். "இண்டைக்குத்தான் எடுத்தது," என்றார் அக்கா. அந்தப் பெண் பிறகு திரும்பியே பார்க்கவில்லை.

ஒட்டு வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அக்காவுக்குக் கை நடுக்கம். குருத்தின் பட்டையில் முத்திரை அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி, அதே அளவு பட்டையை மொட்டோடு குச்சியில் இருந்து உரித்து, அந்த ஜன்னலில் பொருத்தி, பொலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். காயும் முன் செய்ய வேண்டும், விரலின் எண்ணெய் படக்கூடாது. இவ்வளவு கவனமாக நான் என் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை. அதுவும் எனக்கு வேண்டாத ஒரு காரியத்துக்கு. அக்கா தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று கிழமை கழித்து நாடாவை அவிழ்த்தோம். அநேகமானவை கறுத்துச் செத்திருந்தன. மூன்று மட்டும் பச்சையாக இருந்தன. என்னை அறியாமல் நான் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பிறகு எந்தப் பக்கம் நிற்கிறேன் என்ற நினைவு வந்து கையை விட்டேன்.

மூன்றும் கிளையாகின. அடி ஆண், நுனி பெண். எங்கள் வளவில் நடந்த ஒரே கலியாணம் என்று நான் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் ரீச்சரோடு போனில் கதைக்கும்போது அதைத் தன்னுடைய பகிடியாகச் சொன்னார்.

இரண்டு வருடம் கழித்து மழைநாள் ஒன்றில் அக்கா பின்கதவுப் படியில் வழுக்கி விழுந்தார். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தார்கள். அதன்பிறகு நான்கு கால் ஊன்றுகோலோடு நடந்தார். அந்த ஐந்து படியிலும் நான் அவரைத் தாங்கி இறக்கி, தாங்கி ஏற்றினேன். இருவரும் இளைத்தோம். குடை எடுத்தாயா என்று அவர் கேட்பது நின்றுபோனது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அதற்கு அடுத்த வருடம் ஒட்டுக் கிளைகள் பூக்க வேண்டிய வருடம். பூக்கவில்லை. அது கழிந்து வந்த தைப்பொங்கலுக்கு மறுநாள் வழக்கம் போலக் கத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அக்காவால் குறுக்கே வந்து நிற்க முடியாது. பின்கதவடியில் கதிரை போட்டு இருத்தியிருந்தேன்.

"உன்னை வெட்டப்போறன்," என்றேன் மரத்தைப் பார்த்து, போதிய சத்தத்தோடு.

"வெட்டு," என்றார் அக்கா.

வரியை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். "அக்கா, நீங்கள் சொல்லவேண்டியது அதில்லை."

"தெரியும். வெட்டு. பந்தயத்தில நான் தோத்திட்டன். அந்தப் பொடியனுக்குப் போன் எடு. லிப்ட் உள்ள இடத்துக்குப் போவம். உனக்கும் ஏலாது, எனக்கும் ஏலாது." அவர் என்னைப் பார்க்கவில்லை. ஊன்றுகோலின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இத்தனை வருடமாக நான் கேட்டது கையில் கிடைத்துவிட்டது. லிப்ட், பல்கனி, கடல் எல்லாம். எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. என் முகத்துக்கு நேரே ஒட்டு வைத்த இடம் தடித்து, தழும்பாகி இருந்தது. நாடா இறுக்கிய வரிகூடத் தெரிந்தது. இரண்டு கையாலும் பிடித்து நான் சுற்றிய நாடா. ஐந்தாம் மாடிக்காரர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பல்கனிக் கம்பியில் சாய்ந்தார்.

வெட்ட என்று வந்தவளும் நான், தடுக்க இருந்ததும் இனி நான் மட்டும்தான்.

"பாவம், விடுங்கோ," என்றேன். "படிக்குப் பதிலாச் சரிவுப் பாதை கட்டுவிக்கலாம். வாற வருஷம் காய்க்கும்."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "குரல் காணாது," என்றார். "மரத்துக்குக் கேக்கவேணும்."

ஐந்தாம் மாடி வரை கேட்கும்படி இன்னொருமுறை சொன்னேன்.