சிவப்புக் கையுறை தொங்கினால்...

சத்தியமாக நடந்தது. 1999 ஜனவரி 14, பகல் 1.28. பகல் என்று கடிகாரம்தான் சொன்னது. நார்வேயின் வடகோடியில் அந்த மாதம் சூரியன் எட்டிப் பார்ப்பதில்லை.

ஐந்தாவது முறையாக அந்த டேப்பை டிரைவுக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன்.

வாசலில் குட்னி. கடலில் போகும் படகுகளோடு பேசும் எங்கள் வானொலி நிலையத்தில் மைக் முன் உட்காருபவள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து மறுபடி போன். ஐலெர்ட்டுக்கு மகன் குரலைக் கேக்கணுமாம்."

"தேடறேன்னு சொல்லு."

"மூணு வாரமா அதையேதான் சொல்றேன். என் நாக்கு அழுகிடும்டா!"

போய்விட்டாள். தேடினேன் என்பது பாதி உண்மை. தொலைத்தவனே நான்தான்.

எங்களிடம் இரண்டு கணினிகள், ஒரே டேப் டிரைவ். கடலிலிருந்து வரும் குரல்களைச் சேமிக்கும் பழையது ஐலெர்ட்டின் பொறுப்பு. குட்னியோடு முறை மாற்றி மைக்கிலும் உட்காருவார். வானிலைக் கணக்குள்ள புதியது என் பொறுப்பு. ஒன்று எழுதும்போது மற்றது டிரைவைப் பிடுங்கினால், டேப் முதலுக்கே ஓடிவிடும்; பழையதன் மேல் புதியது ஏறிவிடும். அதனால் தன் முறை வந்தால் டிரைவின் மேல் ஒரு சிவப்புக் கம்பளிக் கையுறையை மாட்டிவிடுவார் ஐலெர்ட். மகன் யூஸ்டைனின் கையுறை. ஜோடியில் மற்றது, மார்ச்சில் மூழ்கிய படகில், அவன் கையோடு போயிற்று.

"டேய் டார்ஃபின், கையுறை தொங்கினா கை வைக்காதே. ராஜாவே வந்து கேட்டாலும் சரி!"

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. கையுறை தொங்கியது. எனக்கு வீட்டுக்குப் போகிற அவசரம்... டிரைவை என் கணினிக்குப் பிடுங்கினேன். அந்த டேப்பின் முதலில் இருந்தது யூஸ்டைனின் கடைசி அழைப்பு. அதன் மேல் என் காற்றழுத்தக் கணக்கு ஏறிவிட்டது. ஐலெர்ட்டிடம் சொல்ல வாய் வரவில்லை. டிசம்பரில் அவர் படுத்துவிட்டார்.

மிச்சம் மீதி ஏதாவது இருக்காதா? ஐந்தாவது முறையும் அதற்குத்தான்.

1.40. திரையில் ஒரு வரி. 'டிரைவ் வேறு கணினியின் வசம் உள்ளது.'

வேறு கணினியா? பழையதைப் போன வாரமே கழற்றியாயிற்று. மூலையில், வயர் சுற்றிக் கிடந்தது. தொட்டேன். பனிக்கட்டி.

ஆனால் டிரைவ் ஓடியது.

கிர்ர்ர்... டக். கிர்ர்ர்... டக்.

உப்பு வாடை அடித்தது.

டிரைவின் மேல் சிவப்புக் கையுறை. ஐலெர்ட் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன அதே கையுறை.

நீர் சொட்டியது.

ஒரு கட்டளை அடித்தால் டிரைவைப் பிடுங்கிவிடலாம். விரல் விசைக்குப் போனது...

விரலை எடுத்துவிட்டேன்.

"நீங்க முடிச்சுக்குங்க, ஐலெர்ட். நான் காத்திருக்கேன்."

கிர்ர்ர்... டக்.

1.52. நின்றது. கையுறை இல்லை. தரையில் நீர் மட்டும்.

டேப்பை ஓட்டினேன்.

"அப்பா... கேக்குதா? தண்ணி உள்ள வருது... அப்பா..."

இரைச்சல். பிறகு ஐலெர்ட்டின் குரல்.

"கேக்குதுடா யூஸ்டைன். அப்பா இருக்கேன். பயப்படாதே."

அழுதுவிட்டேன். கிடைத்துவிட்டது! கேசட்டில் பதித்துக்கொண்டு ஓடினேன். குட்னி போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டாருடா. ஒண்ணு நாப்பதுக்கு. கையுறையை இறுக்கிப் பிடிச்சிருந்தாராம், பிரிக்கவே முடியலையாம். நர்ஸ் ஒண்ணு கேக்கறா... அது எப்படி நனைஞ்சதுன்னு."

கேசட்டைப் போட்டேன். மகன் குரல் வரை கண்ணீரோடு கேட்டாள். அப்பா குரல் வந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"இது எங்கேடா கிடைச்சுது?"

"டேப்லதான். ஏன்?"

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு என் காலைப் பிடிச்சுக் கெஞ்சினார். இத்தனை மாசம் சொல்லலை..." கேசட்டை நிறுத்தினாள். "அன்னிக்கு அந்தப் பையன் பதினோரு தடவை கூப்பிட்டான், டார்ஃபின். யாருமே பதில் சொல்லலை. மைக்ல ஐலெர்ட் முறை. டேப் மாத்த உள்ளே போயிருந்தார்."