பிலோமினா அன்ரியின் ஒரே மூச்சு

பிலோமினா அன்ரி இறந்துவிட்டார். இன்று விடியப்புறம், பேசாலையில். ஹார்ட் அட்டாக் என்றார்கள்.

மகனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். செத்தவீட்டில் பத்து நிமிடம்தான் நிற்க முடிந்தது. இப்போதுதான் நித்திரையானான்... அதனால்தான் இந்த நேரத்தில் எழுதுகிறேன்.

எங்கள் பிசியோ கிளினிக்குக்குச் செவ்வாய்க்கிழமைகளில் வயதான பெண்கள் மூச்சுப் பயிற்சிக்கு வருவார்கள். சின்ன பிளாஸ்டிக் கருவி ஒன்று. வாயில் வைத்து மூச்சை இழுக்க, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தடுக்கும். இழுத்து இழுத்தே நெஞ்சுத் தசைகள் பலமாக வேண்டும்.

மற்றவர்கள் படி ஏற வேண்டும், சந்தைக்குப் போய்வர வேண்டும் என்று வந்தவர்கள். அன்ரி மட்டும், "தவக்காலத்தில பசாம் படிக்கோணும் மிஸ் பிள்ளை" என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "என்ட அடி நீளம். முந்தி ஒரே மூச்சில இழுப்பன். இப்ப நடுவில அறுந்து போகுது."

பசாம் தெரியாதவர்களுக்கு: யேசுவின் பாடுகளை ஆளுக்கொரு அடியாக, ஒப்பாரி மாதிரி இராகமிழுத்துப் படிப்பது.

ஒரு நாளைக்கு முப்பது மூச்சு என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த கிழமை வந்தவர் கதிரையைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஒரே தலைசுற்றாம். விசாரித்தால்... செபமாலையில் எண்ணியிருக்கிறார். முப்பதில் நிறுத்தவில்லை. ஐம்பத்துமூன்று மணியும்.

"பாதியில வைக்கலாமோ பிள்ளை? மாதா என்ன நினைப்பா?"

பக்கத்தில் இருந்த எருக்கலம்பிட்டி ஹாஜரா உம்மா கருவியை வாயிலிருந்து எடுத்தார். "எங்கட தஸ்பீஹில தொண்ணூத்தொம்பது மணி. நான் எண்ணத் தொடங்கினா என்னை மையத்தாத்தான் வீட்ட தூக்கிக்கொண்டு போகோணும்."

சிரித்துச் சிரித்து அன்ரிக்கு இருமல் வந்துவிட்டது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கடைசியில், முதல் முப்பது மணி கருவியோடு, மிச்சம் வெறும் வாயால் என்று பேசித் தீர்த்தோம்.

அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாயும், "ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் இறுக்கி விடுங்கோ மிஸ் பிள்ளை." கொஞ்சம்தான் இறுக்குவேன். பயம்.

போன வெள்ளி பசாம் கேட்கக் கோவிலுக்குப் போனேன். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அன்ரியின் முறை வர முதலே அவன் அழத் தொடங்கிவிட்டான். வெளியே கொண்டுபோனேன். அந்த அடியை நான் கேட்கவே இல்லை.

செவ்வாய் கிளினிக்குக்குள் வரும்போதே கேட்டார். "கேட்டீங்களோ? ஒரே மூச்சு."

"ஓம் அன்ரி, கேட்டனான். நல்ல வடிவா இருந்தது."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறெதுவும் சொல்ல வரவில்லை.

இன்று செத்தவீட்டில் அன்ரியின் மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் கூடப் பசாம் படிப்பவர்.

"அண்டைக்கு நடுவில ரெண்டு தரம் அறுந்திட்டுது பிள்ளை. நாங்கள் எல்லாரும் சேந்து இழுத்துக் குடுத்தனாங்கள். 'மிஸ் பிள்ளையிட்ட சொல்லிப்போடாதை மச்சாள், அது பாவம், கைப்பிள்ளையோட ஓடித் திரியுது' எண்டு சொன்னவ."



நாளைப் பின்னேரம் அடக்கம். காய்ச்சல் விட்டால் போவேன்.

அன்ரி... நானும் பொய்தான் சொன்னனான். கேக்கேல்ல.

ஆறுதலாப் போயிட்டு வாங்கோ.