கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

2024 அக்டோபர் 16, புதன்கிழமை மதியம். மரக்காணத்தில் உப்புப் பாத்திகள் மழையில் மூழ்கிக் கிடந்தன.

அன்று நடந்ததை இலக்கியா நடந்தபடியே சொன்னாள். ஆரோக்கியசெல்வியைத் தனியாகக் கேட்டபோது அவளும் அதையேதான் சொன்னாள். இருவரும் இன்றும் அதே மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அந்தக் கடையில் டாக்டர் எழுதும் அளவுக்கே மருந்தைக் கலந்து தருவார்கள். உப்பளத்தில் வெடித்த பாதங்களுக்குக் களிம்பு. பெரியவர்களின் மாத்திரையைக் கல்வத்தில் பொடித்து, லாக்டோஸ் பொடியோடு சேர்த்து, கைக்குழந்தைகளுக்குப் பொட்டலம். இலக்கியா கலப்பாள், செல்வி பக்கத்து அறையிலிருந்து தடித்த கண்ணாடி வழியாகக் கவனிப்பாள். பேச்சு கேட்காது. அதனால் தட்டுவாள். இரண்டு தட்டு என்றால் மருந்து போட்டாயிற்று. ஒரு தட்டு என்றால் இன்னும் போடவில்லை.

அன்றைக்குக் கூனிமேடு தாஹாவின் நான்கு மாத ஆண் குழந்தைக்கு இதய மருந்து. அளவு கூடினால் துடிப்பே நின்றுவிடக்கூடிய மருந்து. தாஹா முன்கடையில் காத்திருந்தான்.

"சீக்கிரம்மா. மழை வலுக்குது."

"அவசரப்பட இது டீயாண்ணே?"

செல்வி வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தாள் இலக்கியா. மழை இருட்டில் கண்ணாடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பக்கத்து அறையில் ஸ்டூல் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. பின்பக்கமாக வந்துவிட்டாள் போல. வேலையைத் தொடங்கினாள்.

மின்சாரம் போனது.

டார்ச்சைத் தேடி எடுத்துத் திரும்பினாள். கல்வத்தில் வெள்ளைப் பொடி. மருந்தும் வெள்ளை, லாக்டோஸும் வெள்ளை. மருந்தைப் போட்டோமா... இல்லையா?

சந்தேகம் வந்தால் கொட்டிவிட வேண்டும். அதுதான் விதி. ஆனால் செல்வி பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள். கல்வத்தைக் கண்ணாடியருகே தூக்கிக் காட்டினாள். டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடியில் தன் முகம்தான் தெரிந்தது.

டக்.

ஒன்றுதான். சத்தம் இடுப்பு உயரத்திலிருந்து வந்தது. உட்கார்ந்திருக்கிறாள் போல...

மறுபடி காட்டினாள்.

டக்.

மருந்தை அளந்து போட்டாள். கலந்தாள். பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். தாஹா மழையோடு கிளம்பினான்.

சிறிது நேரத்தில் சொட்டச் சொட்ட நனைந்தபடி, வாசல் வழியாக உள்ளே வந்தாள் செல்வி.

"சாரிடி. கீழ்புத்துப்பட்டுல மரம் விழுந்து பஸ் நின்னுடுச்சு."

இலக்கியா கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா... அப்ப உள்ள யாரு?"

"உள்ளயா? சாவி என் பையில இருக்குது."

தாஹாவுக்கு போன் அடித்தார்கள். ரிங் போனது. எடுக்கவில்லை.

மறுபடி. எடுக்கவில்லை.

ஸ்கூட்டரை எடுத்தார்கள். வழியெல்லாம் தண்ணீர்.

கூனிமேட்டில் அவன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. தாஹாவின் மனைவி ஹம்னா, மடியில் குழந்தை. கையில் பாலூட்டும் பாலாடை. பாலில் பொடி கரைந்திருந்தது.

"குடுக்காதம்மா!"

பாலாடை குழந்தையின் உதட்டில்...

இலக்கியா தட்டிவிட்டாள். பால் தரையில் ஓடியது.

"யா அல்லாஹ்! என்னக்கா ஆச்சு?"

இலக்கியா மிச்சப் பொட்டலங்களை அள்ளிக்கொண்டாள்.

கடைக்குத் திரும்பிப் பூட்டைத் திறந்தார்கள். உள்ளே யாரும் இல்லை. ஸ்டூல் கண்ணாடியை ஒட்டி நின்றது. கண்ணாடியில், இடுப்பு உயரத்தில், விரல் தடங்கள்.

சின்ன விரல்கள்.

செல்வி அந்தத் தடங்களில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகுதான் சொன்னாள். தாஹாவுக்கு மூத்தது ஒரு பெண். மூன்று வயது. அவளுக்கும் இதே இதயக் கோளாறு, இதே மருந்து. இலக்கியா வேலைக்குச் சேரும் முன்பே இறந்துவிட்டாள். மருந்து வாங்க அப்பாவோடு வரும்போதெல்லாம் அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் தட்டுவாள்.

"நான்தான் கத்துக்குடுத்தேன். ரெண்டு தட்டச் சொன்னா வராது. ஒண்ணுதான் தட்டுவா."

பொட்டலங்கள் புதுச்சேரியில் ஒரு ஆய்வகத்துக்குப் போயின. ஒவ்வொன்றிலும் மருந்து இரண்டு மடங்கு இருந்தது.

குழந்தை நலம். கண்ணாடி இருந்த இடத்தில் இப்போது சுவர்.